அஜந்தன் அடித்த சிடி

அஜந்தனின் வேனுக்கு இருந்த ஒரே குறை, அதில் பாட்டுக் கேட்க முடியாததுதான். ஜப்பானிலிருந்து வந்த பழைய வேன். அதன் ரேடியோவுக்கு ஜப்பான் ஸ்டேஷன்கள் மட்டும்தான் பிடிபடும். கண்டி ஹந்தானையிலிருந்து ஜப்பான் வெகு தூரம் என்பதால் அவையும் பிடிபடவில்லை. ஃபோனிலுள்ள பாட்டை ரேடியோ வழியாகக் கேட்க வைக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி, சிகரெட் லைட்டர் துளையில் செருகினான். அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஒருநாள் பேராதனைப் பூங்காவுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது அவன் மனைவி சுகிர்தா அழைத்தாள். பாட்டு நின்று, வேனின் நாலு ஸ்பீக்கரிலும் அவள் குரல் கேட்டது. வரும்போது பேன் மருந்து வாங்கி வரச் சொன்னாள். போன தடவை வாங்கியது போதவில்லை, பெரிய போத்தலாகப் பார்த்து வாங்கச் சொன்னாள்.

சுகிர்தா பாலர் பாடசாலை ஆசிரியை. பேன் பிள்ளைகளிடமிருந்து வந்தது என்பதை அஜந்தன் விளக்கி முடிப்பதற்குள், முன் சீட்டில் இருந்தவர் கதவோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டார். பூங்காவிலிருந்து அந்தக் குடும்பம் பஸ்ஸில் திரும்பிப் போனது.

அன்றைக்கே அந்தக் கருவியைப் பிடுங்கி எறிந்தான். மிச்சமிருந்தது சிடி போடும் துவாரம் ஒன்றுதான். சுகிர்தா தொலைக்கல்வி படித்த காலத்தில் வாங்கிய மேசைக் கணினி வீட்டில் இருந்தது. அதில் சிடி எழுதும் தட்டும் இருந்தது. வெற்றுச் சிடி மட்டும் எங்கும் இல்லை. கண்டி டவுனில் அவன் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் நிற்கும் பையன்களும் பெண்களும் அவனை அனுதாபத்தோடு பார்த்தார்கள். கடைசியில் கொழும்பு வீதியில், பூட்டும் பல்பும் எலிப்பொறியும் விற்கும் பளீல் நானாவின் கடையில் கிடைத்தது.

"கொரங்குக்கா மகன், கிளிக்கா?" என்று கேட்டார் பளீல் நானா.

அஜந்தனுக்குப் புரியவில்லை. மரக்கறித் தோட்டம் போட்டவர்கள்தான் இப்போது சிடி வாங்குகிறார்கள் என்று அவர் விளக்கினார். வெயிலில் மினுங்கும்படி கட்டித் தொங்கவிட்டால் கிளி வராது. குரங்கு மட்டும் வந்து முகம் பார்த்துவிட்டுப் போகும். பாட்டுப் பதியத்தான் என்று அஜந்தன் சொன்னதும், நானா அடுக்கிலிருந்து ஒரு சிடியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பாட்டும் போடேலுமா?" என்றார்.

முதல் சிடியை வேன் ஏற்கவே இல்லை. திரையில் ஜப்பான் எழுத்துகள் ஓடின. திட்டுகிறதா, மன்னிப்புக் கேட்கிறதா என்று தெரியவில்லை. இரண்டாவது சிடி பாதியில் இருந்தபோது கரண்ட் போனது. மூன்றாவது முடியப் போகும் நேரத்தில் சுகிர்தா தேங்காய்ச் சம்பலுக்கு மிக்ஸியைப் போட, கணினி ஒரு தரம் விக்கி அணைந்தது. அதன் பிறகு வீட்டில் சட்டம் வந்தது. சிடி எழுதும்போது மிக்ஸி போடக்கூடாது, ரைஸ் குக்கர் போடக்கூடாது, கதவைச் சாத்தக்கூடாது, மேசைப் பக்கம் நடக்கவும் கூடாது. நடந்தால் என்ன ஆகும் என்று சுகிர்தா கேட்டாள். ஊசி குதித்துவிடும் என்றான். அதற்குள் ஊசி இல்லை, வெளிச்சம்தான் இருக்கிறது என்று அவள் பாடப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னாள். வெளிச்சம் என்றால் இன்னும் லேசாகத்தானே குதிக்கும் என்றான். அவள் கெட்டுப்போன மூன்று சிடிகளையும் தேநீர்க் கோப்பை வைக்க எடுத்துக்கொண்டாள்.

அவர்களுக்குள் பெரிய சண்டை என்று எதுவும் கிடையாது. இருந்தது ஒரே ஒரு வழக்கு. அஜந்தன் குறட்டை விடுகிறான் என்று கல்யாணமான நாள் முதல் சுகிர்தா சொல்லி வந்தாள். அவன் ஒப்புக்கொள்வதே இல்லை. "நான் மூச்சு விடுறேன். அதையும் நிப்பாட்டிறவா?" என்று கேட்பான். சாட்சியில்லாத வழக்கு என்பதால் அது முடியாமல் இழுத்துக்கொண்டே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், சாப்பிட்டுவிட்டு அவன் படுத்ததும், சுகிர்தா ஃபோனில் ஒலிப்பதிவைத் தட்டித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். கேட்பவர்களுக்கு விளங்க வேண்டும் என்று இடையிடையே விளக்கமும் பேசினாள். பிறகு அவளும் அப்படியே சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள். எழுந்ததும் முதல் கொஞ்சத்தை மட்டும் போட்டுக் கேட்டுத் திருப்திப்பட்டு, பதிவு அழியாமல் இருக்கட்டும் என்று கணினியில் பாட்டுகள் இருந்த கோப்புறையிலேயே போட்டு வைத்தாள். தன் தம்பி வரும் நாளில் எல்லாருக்கும் முன்னால் போட்டுக் காட்டுவது என்று நினைத்திருந்தாள்.

தம்பி வருவதற்கு முன் துஷாந்தின் பரிசம் வந்தது.

மடுல்கெல்லவில் இருந்த துஷாந்துக்குப் புசல்லாவையில் பெண் பார்த்திருந்தார்கள். பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் போய் வர அஜந்தனின் வேனைப் பேசினார்கள். கல்யாணக் காரியத்துக்குப் போகிற வேன் ஊமையாகப் போகலாமா என்று அஜந்தன் முதல்நாளே உட்கார்ந்து சிடி அடித்தான். கோப்புறையில் இருந்ததையெல்லாம் மொத்தமாக இழுத்துப் போட்டான். இடம் போதவில்லை என்று கணினி சொன்னது. தனக்குப் பிடிக்காத ஒரு சோகப் பாட்டைத் தூக்கினான். போதும் என்றது. சுகிர்தா சட்டப்படி அடுப்படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சிடி ஒரு குறையும் இல்லாமல் வந்தது. வேனில் போட்டு முதல் இரண்டு பாட்டைக் கேட்டுப் பார்த்து, வேனின் முன்கண்ணாடியை ஒரு தரம் துடைத்துவிட்டு வந்து படுத்தான்.

மடுல்கெல்லவில் ஏறியவர்களில் முக்கியமானவர் மாப்பிள்ளையின் அத்தை சுப்பம்மா. தட்டுகளை யார் மடியில் வைப்பது, யார் ஜன்னலோரம், யார் வாந்திக்குப் பை பிடிப்பது என்பதையெல்லாம் அவர்தான் தீர்மானித்தார். மாப்பிள்ளையின் அக்கா கோகிலவாணி கைக்குழந்தையோடு நடுச் சீட்டில் ஏறினாள். குழந்தையின் பெயர் ஆரண்யா. பல் முளைக்கிற பருவம். வேன் கிளம்பியதும் அழத் தொடங்கிய பிள்ளை வத்தேகமவிலும் அழுதது, கண்டி டவுனிலும் அழுதது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டினால் அதற்கு மேலாக அழுதது. தாய்மடி, அத்தைமடி, பால்போத்தல், சாவிக்கொத்து, மாப்பிள்ளையின் புதுக் கைக்கடிகாரம் எதுவும் எடுபடவில்லை. கடிகாரத்தை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு அழுதது.

கெட்டம்பேயில் வாகன நெரிசலில் வேன் நின்றபோது ஒரு காதல் பாட்டு முடிந்தது. அடுத்ததாகச் சுகிர்தாவின் குரல், பாலர் பாடசாலையில் கதை சொல்கிற அதே தெளிவோடு, நாலு ஸ்பீக்கரிலும் வந்தது.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம. பகல் சாப்பாடு முடிஞ்சிருச்சி. படுத்திருக்கிறவரு என் வீட்டுக்காரர் அஜந்தன். இப்ப எல்லாரும் அமைதியா கேளுங்க."

எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். பாரம் ஏற்றிய லொறி கடுகண்ணாவை ஏற்றத்தில் கியர் மாற்றுவதுபோல ஒரு சத்தம் புறப்பட்டு, உச்சியில் கொஞ்சம் தயங்கி, மறுபக்கம் இறங்கியது.

அஜந்தன் பாய்ந்து அணைத்தான். காது இரண்டும் சுட்டன. கண்ணாடியில் பின்னால் பார்க்கத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் வேனில் சத்தமே இல்லை. குழந்தையும் அழவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்கள். கவனித்த உடனே அது மறுபடி ஆரம்பித்தது.

"தம்பி, அத போடு" என்றார் சுப்பம்மா.

"அது பாட்டு இல்லீங்க அத்தை. தெரியாம சேந்துருச்சி."

"பாட்டு கேக்கவா நாங்க வந்தோம்? புள்ள கேக்குது. போடு."

போட்டான். லொறி மறுபடி மலையேறியது. ஆரண்யா அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்பீக்கர் இருந்த பக்கமாகத் தலையைத் திருப்பியது. இரண்டாவது ஏற்றத்தில் கண் செருகியது. மூன்றாவதில் கைக்கடிகாரம் வாயிலிருந்து வழுக்கி விழுந்தது. கோகிலவாணி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப சத்தம் கொறையும். கொறஞ்சிருச்சேன்னு நம்பிறாதீங்க" என்றது சுகிர்தாவின் குரல். அதன்படியே நடந்தது.

பேராதனைப் பாலம் தாண்டும்போது கோகிலவாணியும் தூங்கிவிட்டாள். பின் சீட்டுப் பெரியவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். சுப்பம்மா இடுப்பில் கைவைத்து அதிகாரமாக உட்கார்ந்தபடியே தூங்கினார். விழித்திருந்தது முன் சீட்டில் இருந்த துஷாந்த் மட்டும்தான். மாப்பிள்ளை அல்லவா, சட்டை கசங்கும் என்று சாயாமல் இருந்தான். அவன்தான் முதலில் கண்டுபிடித்தான்.

"அண்ணே" என்று மெதுவாகக் கேட்டான், "ரெண்டாவதா ஒன்னு இழுக்குதே, அது யாரு?"

அஜந்தன் காது கொடுத்தான். லொறிக்குப் பின்னால் மெல்லியதாக, கேத்தல் கொதிக்கத் தொடங்கும்போது வருகிற விசில் மாதிரி ஒரு சத்தம். லொறி ஏறும்போது அது இறங்கியது, இறங்கும்போது ஏறியது. சுகிர்தாவின் விளக்கம் நின்று வெகு நேரமாகியிருந்தது. வீட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை.

கெட்டம்பேயிலிருந்து அவன் நெஞ்சில் உட்கார்ந்திருந்த வெட்கம் அந்த இடத்திலேயே இறங்கிப் போனது. அஜந்தன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "அது எங்க டீச்சரம்மா" என்றான். துஷாந்தும் சிரித்தான், பிறகு அவனும் தூங்கிவிட்டான்.

அதற்கப்புறம் வந்த சங்கடத்தை அஜந்தன் எதிர்பார்க்கவில்லை. தன் குறட்டையைக் கேட்கக் கேட்க அவனுக்கே கொட்டாவி வந்தது. அணைத்தால் பிள்ளை எழும்பும். கேட்டால் அவனே தூங்கிவிடுவான். கம்பளையில் ஓரமாக நிறுத்தி, வேனை விட்டு இறங்கி, கடை வாசலில் நின்றபடி இரண்டு பிளேன்டீ குடித்து, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தான். யாரும் அசையவில்லை. புசல்லாவை வளைவுகளில் ஜன்னலைத் திறந்து குளிர்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே ஓட்டினான்.

பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு ஓடி வந்து வேன் கதவைத் திறந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாக வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா சங்கடத்தோடு மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார். துஷாந்த் இறங்கியபோது சீட் பெல்ட்டின் வரி அவன் கன்னத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. பரிசப் படங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆனால் சுப்பம்மாவுக்குப் பரம திருப்தி. இந்த ரோட்டில் ஒருத்தர்கூட வாந்தி எடுக்காமல் வந்து இறங்கியது இதுதான் முதல் தடவை என்று பெண் வீட்டாரிடம் சொன்னார். டிரைவருக்கு இன்னொரு வடை வைக்கவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அஜந்தன் நடந்ததைச் சொன்னான். முதல் பாதியைக் கேட்டுச் சுகிர்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வழக்கு ஒரு வேன் நிறையச் சாட்சிகளோடு முடிந்துவிட்டது. இரண்டாம் பாதியைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அது நான் இல்ல. அடுப்புல கேத்தல் இருந்திருக்கும்."

"கேத்தல் மெத்தையிலயா படுத்திருந்திச்சி?"

இரண்டு பேரும் வேனுக்குள் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கேட்டார்கள். சுகிர்தா பாடசாலையில் ஒரு பிள்ளை பொய் சொல்லும்போது பார்க்கிற மாதிரி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கி வீட்டுக்குள் போய், ஃபோனிலும் கணினியிலும் அந்தப் பதிவை அழித்தாள். குப்பைத் தொட்டிக்குப் போனதையும் தேடிப் பிடித்து அழித்தாள். அஜந்தன் தன் பங்குக்குச் சிடியை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தான். ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தது அந்த வீட்டில் அபூர்வம்.

அந்த வாரம் முடிவதற்குள் கோகிலவாணி ஃபோன் பண்ணினாள். பிள்ளை தூங்குவதே இல்லையாம். படுக்கப் போட்டால் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறதாம், எதையோ எதிர்பார்க்கிறதாம். துஷாந்த் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுவதுபோல நடித்தானாம். பிள்ளை அவன் மூக்கைப் பிடித்துத் திருகிவிட்டதாம். பின்னால் ஆரண்யா அழுவது கேட்டது. பிறகு சுப்பம்மா ஃபோனை வாங்கி, அந்தச் சிடியைக் கொடுத்துவிடச் சொன்னார். உடைத்துவிட்டதை அஜந்தன் சொன்னான்.

"ஒடச்சவங்களே செஞ்சி குடுங்க" என்றார் சுப்பம்மா.

ஞாயிற்றுக்கிழமை அஜந்தன் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, தலைமாட்டில் ஃபோனை வைத்துப் படுத்தான். ஒலிப்பதிவு ஓடுகிறது என்ற நினைப்பில் அவன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரிய மனிதன்போல வாயை மூடி, சத்தமில்லாமல் தூங்கி எழுந்தான். அடுத்த தடவை சரியாக வந்தது. சுகிர்தா அந்தப் பக்கமே வரவில்லை. அடுப்படிக் கதிரையில் உட்கார்ந்து பிள்ளைகளின் சித்திரங்களுக்கு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தாள். அதைச் சிடியாக அடித்து மடுல்கெல்ல பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டான்.

மறுநாள் பதில் வந்தது. பிள்ளை கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டதாம். பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்ததாம். பிறகு உதட்டைப் பிதுக்கி அழுததாம்.

"ஆள் கொறையுது தம்பி" என்றார் சுப்பம்மா. "அந்தப் பொண்ணையும் படுக்கச் சொல்லு."

சுகிர்தா முடியாது என்றாள். தான் குறட்டை விடுவதில்லை, அன்றைக்குத் தடிமன் பிடித்திருந்தது, மூக்கடைப்பு என்றாள். அஜந்தன் வற்புறுத்தவில்லை. அழைப்பைத் துண்டிக்காமலே ஃபோனை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் டயருக்குக் காற்று இருக்கிறதா என்று பார்த்தான். அவன் திரும்பி வந்தபோது அவள் ஃபோனைக் காதில் வைத்தபடியே நின்றிருந்தாள். ஆரண்யாவின் அழுகை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தினமும் இருபது பிள்ளைகளின் அழுகையைக் கேட்கிறவள் அவள். எந்த அழுகை பசி, எந்த அழுகை பிடிவாதம், எது நிஜமான களைப்பு என்று அவளுக்குத் தெரியும்.

"பேரு சொல்லக் கூடாது" என்றாள். "டீச்சர்னு யாருக்கும் தெரியவும் கூடாது."

ஆனால் தூக்கம் ஒப்பந்தம் போட்டு வருவதில்லை. இரண்டு பேரும் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, அடுத்தவர் முதலில் தூங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அஜந்தன் தூங்கிவிட்டாயா என்று கேட்டான். தூங்கிவிட்டேன் என்றாள் சுகிர்தா. இரண்டு பேரும் சிரித்ததில் அந்தப் பதிவு வீணானது. அடுத்த ஞாயிறு நல்ல மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் லொறியும் கேட்கவில்லை, கேத்தலும் கேட்கவில்லை. நடுவில் சிடி வாங்கப் போன இடத்தில், இன்னும் குரங்கு போகவில்லையா என்று பளீல் நானா விசாரித்தார். இப்போது சிடி கேட்பது குழந்தை என்று அஜந்தன் சொன்னான். அதை எதில் தொங்கவிடப் போகிறீர்கள் என்று அவர் கவலையோடு கேட்டார்.

கடைசியில் அது தானாக நடந்தது. பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குக் கயிறு கட்டி, பந்தல் போட்டு, தவளை ஓட்டம் ஓடிக் காட்டி, களைத்து வீட்டுக்கு வந்தார்கள். பூசணிக்காய்க் கறியும் கருவாடும் சோறும் சாப்பிட்டார்கள். வழக்கம்போல ஃபோனைத் தட்டி வைத்துவிட்டு, அதைப் பற்றி நினைக்கக்கூட நேரமில்லாமல் விழுந்து தூங்கினார்கள். எழுந்து பார்த்தபோது ஃபோன் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எல்லாம் பதிந்திருந்தது. லொறி ஏறியது, கேத்தல் இறங்கியது. நடுவில் பாண் ரொட்டி விற்கும் ஆட்டோ ஒன்று தன் மணிப்பாட்டோடு பாதையில் போனதும் விழுந்திருந்தது. அதை வெட்டி எடுக்க அஜந்தனுக்குத் தெரியவில்லை. சிடி எழுதி முடியும்வரை இந்தத் தடவை சுகிர்தாவே கணினிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கொசு அவள் நெற்றியில் இருந்து பசி தீரக் குடித்துவிட்டுப் போனது. அவள் கையைப் பிரிக்கவில்லை.

மடுல்கெல்லவிலிருந்து அன்றைக்கு ஃபோன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கவலைப்பட்டு அஜந்தன்தான் அழைத்தான். வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், அதனால்தான் சொல்ல முடியவில்லை என்றாள் கோகிலவாணி. ஒரே ஒரு சிக்கல் என்றாள். பாண் ஆட்டோ தெருவில் மணிப்பாட்டோடு போனாலும் பிள்ளை இப்போது தூங்கிவிடுகிறது, சோறு ஊட்டுவதற்குள் வந்துவிட்டால் சங்கடம் என்றாள். ஆட்டோக்காரரிடம் பேசி, தங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும் பாட்டை நிறுத்தச் சொல்லி சுப்பம்மா ஏற்பாடு செய்துவிட்டாராம்.

துஷாந்தின் கல்யாணத்துக்கு அஜந்தனையும் சுகிர்தாவையும் குடும்பத்தோடு குடும்பமாக அழைத்தார்கள். சுகிர்தா நல்ல சேலை கட்டிக்கொண்டு, இங்கே தன்னை யாருக்கும் தெரியாது என்ற நிம்மதியோடு மடுல்கெல்லவில் இறங்கினாள். முகம் தெரியாதுதான். கோகிலவாணி சிடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, அவர்கள் அடுத்த வீட்டுக்குக் கொடுத்து, அந்த வரிசையில் கைக்குழந்தை உள்ள வீடெல்லாம் அதைக் கேட்டிருந்தது. சுப்பம்மா அவள் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பெண்கள் நடுவில் உட்கார வைத்தார். ஆரண்யாவை அவள் மடியில் வைத்தார். பிள்ளை சுகிர்தாவின் முகத்தை ஆராய்ந்து பார்த்துவிட்டு அவள் மூக்கைப் பிடித்தது.

எதிரே இருந்த ஒரு பெண், சிடியில் இருப்பது நீங்கள்தானா, அந்த மலையேறுகிற சத்தம் உங்களுடையதா என்று மரியாதையோடு கேட்டாள்.

சுகிர்தா பந்தலை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். அஜந்தன் தூரத்தில் சாம்பார் வாளியோடு பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். அவள் குழந்தையின் விரலை மூக்கிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

"இல்லீங்க" என்றாள். "அது அவரு. நான் நடுவுலதான் சேருவேன்."